நாடா தொப்பி போட்ட பட்டாளம்: சிலிம் ரிவர் கதைய நம்ம வீட்டுலேர்ந்து எப்படி சேர்த்து வைக்கிறது

பேராக்ல துரோலாக் பக்கத்து தோட்டத்துல பொறந்த எங்க பாட்டி அடிக்கடி சொல்வாங்க, மார்கழி மாசம், பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும், விடியறதுக்கு முன்னாடியே ரோட்டுல டேங்க் சத்தம், அப்புறம் லயத்துக்குப் பின்னால ஒரு வெள்ளக்கார பையன் தண்ணி கேட்டு நின்னான், கையில ஒரு தொப்பி, பின்னால ரெண்டு நாடா, ஓரத்துல செவப்பும் வெள்ளையுமா கட்டம்னு. எனக்கு ரொம்ப நாள் கழிச்சுதான் புரிஞ்சது, அது 1942 ஜனவரி 7, ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பான்காரன் டேங்கோட வந்து பிரிட்டிஷ் படைய ஒடச்ச சிலிம் ரிவர் சண்டை, அந்தப் பையன் ஆர்கைல் அண்ட் சதர்லேண்ட் ஹைலேண்டர்ஸ்ங்கிற ஸ்காட்லாந்து பட்டாளத்தோட (சுருக்கமா ஆர்கைல்ஸ்) ரெண்டாவது பட்டாலியன். அன்னைக்கு ஒரே காலையில அந்த பட்டாலியன் சிதறிப் போச்சு.

அவங்க பட்டாளத்து சாமானெல்லாம் ஸ்காட்லாந்துல ஸ்டர்லிங் கோட்டை மியூசியத்துல பத்திரமா இருக்கு. நம்ம தோட்டத்து ஆளுங்க பாத்தது அங்க இல்ல, பெரியவங்க மனசுலதான் இருக்கு. அன்னைக்கு பத்து வயசுன்னா இப்ப தொண்ணூறு தாண்டியாச்சு, அதனால மத்த எல்லாத்துக்கும் முன்னாடி அவங்ககிட்ட போய் உக்காருங்க.

ஹேன்ட்போன ஏர்ப்ளேன் மோட்ல போட்டு ரெக்கார்டர ஆன் பண்ணி மேசையில வச்சிடுங்க, காத்தாடிய நிறுத்திடுங்க, அந்த சத்தம் பேச்ச முழுங்கிடும். "ஸ்காட்லாந்துகாரங்கள பாத்தீங்களா"ன்னு மட்டும் கேக்காதீங்க, நம்ம மனசு நோகக்கூடாதுன்னு ஆமான்னுடுவாங்க. தலையில என்ன போட்டிருந்தாங்க, எந்தப் பக்கத்துலேர்ந்து வந்தாங்க, என்ன சாப்பிட்டாங்கன்னு கேளுங்க. தேதி கேட்டா வராது, பண்டிகை கேட்டா வரும். தோட்டத்துக்கு நம்ம ஆளுங்க வச்ச பேரு ஒண்ணு, மேப்புல இருக்குற பேரு ஒண்ணு, ரெண்டையும் வாங்கிடுங்க.

பழைய போட்டோ, கடுதாசி கெடச்சா லேமினேட் பண்ணவே பண்ணாதீங்க, அப்புறம் பிரிக்க முடியாது. துருப்பிடிக்கிற கிளிப்ப எடுத்துட்டு, 600 டிபிஐல (ஸ்கேனர்ல படத் தெளிவு அளவு) முன்னாலயும் பின்னாலயும் ஸ்கேன் பண்ணுங்க, பின்னால ஏதாச்சும் எழுதணும்னா மெல்லமா பென்சில்லதான். கேஎல் (கோலாலம்பூர்) ஈரத்துக்கு பூஞ்சை சீக்கிரம் வந்துடும், ஆசிட் இல்லாத கவர்ல போட்டு காத்து நடமாடுற அலமாரியில வைங்க. பழைய தொப்பி பேட்ஜ பளபளன்னு தேய்க்காதீங்க, தேய்க்கத் தேய்க்க அதுல இருக்குற பன்றித் தலையும் காட்டுப் பூனையும் மழுங்கிப் போகும், அந்த ரெண்டும்தான் ஆர்கைல்ஸ் அடையாளம். குண்டு, ஷெல் மாதிரி எதாச்சும் கெடந்தா தொடாம போலீசுக்கு போன் போடுங்க.

அப்புறம் சரி பாக்குற வேலை. இறந்தவங்க பேர கமான்வெல்த் வார் கிரேவ்ஸ் கமிஷன் வெப்சைட்ல இலவசமா தேடலாம், ஜப்பான்காரன்கிட்ட கைதியா இருந்தவங்க கார்டு லண்டன் கியூவுல நேஷனல் ஆர்கைவ்ஸ்ல டபிள்யூஓ 345ங்கிற நம்பர்ல இருக்கு. ஒரு விஷயம் கவனிங்க, 1942 ஜனவரி 31ல சிங்கப்பூருக்குப் போற ஜொகூர் பாலத்த பைப் வாசிச்சு கடைசியா தாண்டுனது இந்தப் பட்டாளத்துல மிச்சம் இருந்தவங்கதான், ஆனா அதுக்கு அப்புறமும் தோட்டத்துல அவங்கள பாத்தோம்னு யாராச்சும் சொன்னா தப்புன்னு தள்ளிடாதீங்க, சிலிம் ரிவர்ல பிரிஞ்சு போய் காட்டுல ஒளிஞ்சு அலைஞ்சவங்க இருந்தாங்க. புடிபட்டவங்கள இங்க கேஎல்ல புடு ஜெயில்ல அடைச்சாங்க, இப்ப மால் நிக்குதே அந்த எடம்தான். அங்கேர்ந்து பல பேர ஜப்பான்காரன் சயாம்லேர்ந்து (தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட சயாம் ரயில் பாதைக்கு அனுப்புனாங்க, நம்ம தோட்டத்து ஜனங்களையும் ஆயிரக்கணக்குல அதே பாதைக்குத்தான் கொண்டு போனாங்க, அதனால ஒரு வீட்டு ரெக்கார்டிங்ல ரெண்டு கதையும் கலந்து வந்தா வெட்டாதீங்க, அப்படியே விடுங்க.

தைப்பிங் வார் செமட்ரிக்கு, அதாவது போர்ல இறந்தவங்க கல்லறைக்கு, ஒரு நாள் போயிட்டு வாங்க. பாதிக்கு மேல கல்லுல பேரே இருக்காது. எழுத்து தெரியலன்னு சாக் பீஸ் தேய்க்காதீங்க, காலை வெயில் சாய்வா விழறப்ப போட்டோ எடுத்தா நல்லா தெரியும். ஆர்கைல்ஸ் கூட அதே பிரிகேட்ல (சில பட்டாலியன் சேர்ந்த படைப்பிரிவு) இந்திய ராணுவத்து ஹைதராபாத், பஞ்சாப் பட்டாலியன்களும் நின்னுச்சு, அவங்களயும் சேர்த்து எழுதுங்க, விட்டுட்டா பாதிக் கதைதான்.

எல்லாம் சேர்ந்ததும், சொன்னவங்ககிட்டயோ அவங்க பிள்ளைங்ககிட்டயோ அனுமதி கேட்டுக்கிட்டு, ஐசி (அடையாள அட்டை) நம்பர், வீட்டு அட்ரஸ் எதுவும் இல்லாம மூணு எடத்துல வைங்க, வீட்டுல ஒண்ணு, கிளவுட்ல ஒண்ணு, வேற ஊர் சொந்தக்காரங்ககிட்ட ஒண்ணு. வாட்ஸ்அப்ல மட்டும் அனுப்புனா போட்டோ சுருங்கிடும், ஒரிஜினல் பைல தனியா குடுங்க. ஸ்டர்லிங் மியூசியத்துக்கு ஒரு காப்பிய இங்கிலீஷ் மொழிபெயர்ப்போட அனுப்பலாம், அதுக்கு முன்னாடி பேச்ச தமிழ்ல அவங்க சொன்னபடியே எழுதிடுங்க. எங்க பாட்டி நாடா தொப்பின்னுதான் சொன்னாங்க, நான் அத மாத்தாம விட்டு, அந்தத் தொப்பியோட இங்கிலீஷ் பேரான கிளங்கரின்னு ஓரத்துல சின்னதா எழுதி வச்சேன்.