குளிருக்காகக் காரில் ஏறி இருந்தவன்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்குப் புதிதாக வந்து லைசன்ஸ் எடுக்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு இது. "குடிச்சிட்டு ஓடக்கூடாது, அது தெரியும்தானே" என்று தாண்டிப் போய்விட வேண்டாம். என் நண்பன் காரை ஓட்டவே இல்லை.

சட்டத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் அல்கஹோல் இருந்தால் அது குற்றவியல் குற்றம், வெறும் ட்ராபிக் ரிக்கெற் இல்லை. 50க்கும் 80க்கும் இடையில் பிடிபட்டால் மாகாணச் சட்டப்படி லைசன்ஸை அந்த இடத்திலேயே வாங்கிவிடுவார்கள், தண்டமும் உண்டு. முழு லைசன்ஸுக்கு முந்திய படிகளான ஜி1, ஜி2 வைத்திருப்பவர்களுக்கும் 21 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கும் அளவே கிடையாது, பூச்சியம்தான். கஞ்சாவுக்கும் அப்படியே. ஊரில் இருபது வருடம் லொறி ஓட்டியவராக இருந்தாலும் இங்கே ஜி2 என்றால் ஒரு பியருக்குக்கூட இடமில்லை.

2018 டிசம்பர் முதல், சட்டப்படி மறித்த எந்தச் சாரதியையும் ஊதச் சொல்லப் பொலிசுக்கு அதிகாரம் உண்டு. மணம் அடிக்க வேண்டும், தள்ளாட வேண்டும் என்றெல்லாம் இல்லை. "ஊதாட்டி அவங்களிட்ட சாட்சி இல்லை" என்று ஒரு புத்திசாலி மாமா எல்லா விருந்திலும் சொல்லிக்கொண்டிருப்பார். கேட்காதீர்கள். மறுப்பதே தனிக் குற்றம். முதல் தடவை 80ஐத் தாண்டியவருக்குக் குறைந்தபட்சத் தண்டம் 1,000 டொலர், ஊத மறுத்தவருக்கு 2,000. அப்புறம், கைக்குள் காசை மடித்து நீட்டும் ஊர்ப் பழக்கம். அது லஞ்சக் குற்றம், 14 ஆண்டு வரை சிறை.

சரி, நண்பனின் கதைக்கு வருகிறேன்.

ஜனவரி மாதம், ஸ்காபரோவில் ஒரு ஹோலில் சாமத்திய வீடு. நண்பன் வடமராட்சிக்காரன், வந்து மூன்று வருடம், பி.ஆர். என்ற நிரந்தர வதிவிட உரிமை கையில் இருந்தது. அன்று கொஞ்சம் கூடத்தான் குடித்தான். ஆனால் பொறுப்பானவன். "நீர்தான் ஓட வேணும்" என்று மனைவியிடம் முன்பே சொல்லியிருந்தான், அவ குடிக்கவில்லை. விருந்து முடிந்ததும் அவ மிச்சச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு, வாசலில் எல்லாரிடமும் விடைபெற்றுக்கொண்டு நின்றா. நம் ஆட்கள் விடைபெற எவ்வளவு நேரம் எடுக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வெளியே சைபருக்குக் கீழே பதினெட்டு. இவன் திறப்பை வாங்கிக்கொண்டு போய், காரைச் சூடாக்கலாம் என்று ஸ்ராட் பண்ணி, ஹீற்றரைப் போட்டு, சாரதி சீற்றிலேயே சாய்ந்து நித்திரையாகிவிட்டான்.

கண்ணாடியில் தட்டியது பொலிஸ்.

இங்கே சட்டத்தில் 'ஓட்டுவது' என்ற சொல்லுக்குள் வாகனத்தைத் தன் பொறுப்பில் வைத்திருப்பதும் அடக்கம். போதையில் சாரதி சீற்றில் இருந்தாலே, ஓட்டத்தான் ஏறினாய் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் தலையில். தெருவில்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை, பார்க்கிங் லொட் போதும். கியூபெக்கில் ராக்சிக்காகத் தன் வண்டிக்குள் காத்திருந்து நித்திரையான ஒருவர், உச்ச நீதிமன்றம் வரை இழுபட்டு 2012இல்தான் விடுதலையானார். அவ்வளவு தூரம் போக யாரிடம் காசிருக்கிறது?

நண்பனின் லைசன்ஸ் அன்றிரவே 90 நாளுக்குப் போனது, கார் ஏழு நாளுக்கு. டெலிவரி வேலை அந்தக் கிழமையே போய்விட்டது. குற்றவாளி என்று தீர்ந்திருந்தால் குறைந்தது ஒரு வருடத் தடை, பிறகு ஊதினால்தான் ஸ்ராட் ஆகும் இன்ரர்லொக் கருவி, இன்சூரன்ஸ் விலை. இதையெல்லாம் அவன் தாங்கியிருப்பான். லொயர் சொன்ன அடுத்த வசனத்தில்தான் உடைந்து போனான். இந்தக் குற்றத்துக்கு உச்சத் தண்டனை 2018 முதல் பத்து ஆண்டு. அதனால் குடிவரவுச் சட்டத்தில் இது 'பாரதூரமான குற்றம்' என்ற வகைக்குள் வந்துவிட்டது. தண்டத்தோடு தப்பினாலும் பி.ஆர். பறிபோய் நாடுகடத்தப்படலாம். வழக்கு நடக்கும்வரை குடியுரிமையும் கிடைக்காது. "தண்டத்தைக் கட்டிட்டு விடு மச்சான்" என்று அவனுக்குச் சொன்னவர்களில் நானும் ஒருவன். இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. பிடிபட்டால் வாயை மூடிக்கொண்டு, பொலிஸ் நிலையத்திலேயே இலவசச் சட்டத்தரணியைப் போனில் கேளுங்கள், அது உங்கள் உரிமை. குற்றத்தை ஒப்புக்கொள்ள முன்னர் குடிவரவு தெரிந்த லொயர் ஒருவரிடமும் காட்டுங்கள்.

பதினான்கு மாதம் இழுத்து, கவனயீன ஓட்டம் என்ற மாகாணக் குற்றமாகக் குறைத்து முடித்தார்கள். வீட்டுக்குச் சேர்த்த முன்பணம் அதில் கரைந்தது.

போன மாதம் ஒரு கலியாண வீட்டில் அவனைப் பார்த்தேன். சோடாதான் குடித்தான். வெளியே வந்ததும் திறப்பை மனைவியிடம் கொடுத்துவிட்டு, முன் சீற் காலியாக இருக்கப் பின்னால் போய்ப் பிள்ளையின் கார்சீற்றுக்குப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு இருந்தான். "அவ வரட்டும், பிறகு ஹீற்றரைப் போடுவம்" என்றான், கையைத் தேய்த்தபடி.