பட்டனில் சொருகிய ட்யூப் துண்டை எப்படிப் படிப்பது? பிரஸ் ஷாப் சூப்பர்வைசர்களுக்கு

தகட்டை அச்சில் அடித்து வடிவமாக்கும் பிரஸ் ஷாப்பில் புதிதாக ஷிப்ட் பொறுப்பு எடுத்திருக்கிறீர்களா? "நம்ம பசங்களுக்கு சேஃப்டி நினைப்பே கிடையாது சார்" என்று முதல் வாரத்திலேயே யாராவது உங்கள் காதில் போடுவார்கள். நம்பாதீர்கள். விரல்மேல் ஆசையில்லாத ஆபரேட்டரை அம்பத்தூரில் நான் இதுவரை பார்க்கவில்லை. டார்கெட்டா, கையா என்று வரும்போது சூப்பர்வைசர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பார்த்துத்தான் அவர்கள் நடந்துகொள்கிறார்கள்.

முதலில் நைட் ஷிப்டில் விடியற்காலை நாலு மணிவாக்கில் லைனைச் சுற்றி வாருங்கள். டூ ஹேண்ட் பட்டன் (இரண்டு கையாலும் அமுக்கினால்தான் பிரஸ் இறங்க வேண்டும்) உள்ள மெஷின்களில் கண் வையுங்கள். ஏதாவது ஒன்றில் இடது பட்டன் அமுங்கியபடியே இருக்கும். சந்தில் சைக்கிள் ட்யூப் துண்டு சொருகியிருக்கும். வலது கை மற்ற பட்டனைத் தட்டும். இடது கை டைக்குள், அதாவது தகட்டை அடிக்கும் அச்சுக்குள், போய் வரும். மெஷினை நிறுத்துங்கள், ஆனால் கத்தாதீர்கள். "இந்தக் கை எதுக்குப்பா உள்ள போகுது?" என்று மட்டும் கேளுங்கள்.

பெரும்பாலும் பதில் டையில் இருக்கும். தகட்டை இடத்தில் நிறுத்தும் லொகேட்டிங் பின் தேய்ந்துபோய் பிளாங்க் (அடிக்க வேண்டிய தகட்டுத் துண்டு) சரியாக உட்காராது. கையால் பிடித்து அடித்தால்தான் பீஸ் தேறும். ரிஜெக்‌ஷன் வந்தால் காலையில் திட்டு வாங்குவது ஆபரேட்டர். பின்னை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அன்றைக்கே டூல் ரூமில் உட்கார்ந்து பின்னை மாற்றி வாங்குங்கள். பீஸ் எடுக்கக் காந்தக் கைப்பிடி கொடுங்கள். அடுத்த ஷிப்டுக்குள் லைன் முழுக்கச் செய்தி போய்விடும்.

கழற்றிப் போட்ட கார்டுக்கும் (கை உள்ளே போகாமல் தடுக்கும் மறைப்பு) இதே விசாரணைதான். டை செட்டிங்குக்கு ஒவ்வொரு தடவையும் நாலு போல்ட் கழற்ற வேண்டுமென்றால், எவ்வளவு நல்ல மனுஷனும் ஒருநாள் மாட்டாமல் விட்டுவிடுவார். கீல் வைத்து, திறந்தால் மெஷின் ஓடாதபடி இன்டர்லாக் போடுங்கள்.

மெஷினின் சுபாவமும் தெரிந்திருக்க வேண்டும். பழைய கீ கிளட்ச் பிரஸ் இறங்க ஆரம்பித்தால் முழுச் சுற்று முடியாமல் நிற்காது. அதற்கு லைட் கர்ட்டன் (ஒளிக்கதிரைக் கை மறித்தால் மெஷினை நிறுத்தச் சொல்லும் கருவி) மாட்டுவது சும்மா அலங்காரம். நடுவில் நிற்கக்கூடியது ஃப்ரிக்‌ஷன் கிளட்ச் பிரஸ்தான். இரண்டு பட்டனையும் அரை நொடிக்குள் சேர்ந்து அமுக்கினால்தான் இறங்கும், இரண்டையும் விட்டால்தான் அடுத்த ஸ்ட்ரோக் என்கிற கன்ட்ரோல் இருந்தால் ட்யூப் துண்டு செல்லாது. அதற்குப் பணம் கேட்டு நீங்கள் மேனேஜர் ரூமில் மல்லுக்கட்டுவது பசங்களுக்குத் தெரிந்தால் தப்பில்லை.

ஒருநாள் ஒருவர் வந்து, "சார், டபுள் ஸ்ட்ரோக் அடிச்சுது, கை தப்பிச்சுது" என்பார். ஒரு தடவை அமுக்கியதற்கு மெஷின் இரண்டு தடவை இறங்கியிருக்கிறது. அந்த நிமிஷம் ரொம்ப முக்கியம். "நீ என்ன பண்ணினே?" என்று ஆரம்பித்தீர்களோ, அதற்கப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியை ஃபிட்டர் பாக்கெட்டில் போடச் சொல்லுங்கள். கிளட்ச் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம், பிரேக் லைனிங் தேய்ந்திருக்கலாம். சொன்னவரையும் கூடவே நிறுத்திக் காட்டுங்கள். டார்கெட் போனால் போனதற்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.

'விபத்தில்லா நாட்கள்' போர்டுக்குப் பரிசு வைக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. பரிசு நெருங்க நெருங்க, வெட்டுக்காயத்தில் வேஸ்ட் துணியைச் சுற்றிக்கொண்டு பாத்ரூமில் ஒளிவார்கள். பரிசு கொடுத்தே ஆகவேண்டுமென்றால் கோளாறைச் சொன்னவருக்குக் கொடுங்கள்.

புதுப் பையன்கள், அதிலும் ஒடிசா, பீகாரிலிருந்து வருகிறவர்கள், தமிழில் ஓடும் வீடியோவைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். நிஜமாகக் கற்றுக்கொள்வது பக்கத்து மெஷின்காரரிடம். அவர் யாராக இருக்க வேண்டும் என்பதை காண்ட்ராக்டரிடம் விடாமல் நீங்களே முடிவு செய்யுங்கள். இந்தி தெரிந்தவராக இருந்தால் நல்லது.

1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் இரண்டு பக்கமும் எழுதியிருந்தார்கள். ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்புப் போட வேண்டும் என்றது 21-ம் பிரிவு; அந்தத் தடுப்பைத் தொழிலாளி வேண்டுமென்றே கெடுக்கக்கூடாது என்றது 111-ம் பிரிவு. நோட்டீஸ் போர்டில் இரண்டாவதை மட்டும் ஒட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்! முதலாவதை முடித்துவிட்டு இரண்டாவதைப் பேசுங்கள்.

பின், கார்டு, கன்ட்ரோல் எல்லாம் சரிசெய்த பிறகும் கார்டைக் கழற்றுகிறவர் ஒருவர் இருப்பார், பெரும்பாலும் நல்ல கவுன்ட் கொடுக்கும் சீனியர். அன்றைக்கே அவரைப் பேக்கிங்குக்கு மாற்றுங்கள். சம்பளத்தில் கைவைக்க வேண்டாம்.