பெய்ட்காஸ்டிங் ரீலில் வீசப் பழகுவது எப்படி? கட்டைவிரலிலிருந்து தொடங்குவோம்

மீன்பிடிக்கும் தூண்டில் கோலில் மாட்டும் பெய்ட்காஸ்டிங் ரீலை ஆசையாக வாங்கி, ரெண்டு மூணு தடவை வீசிப் பார்த்துவிட்டு மூலையில் போட்டவர்கள் நிறையப் பேர். எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: சிக்கு. வீசிய மறுநொடி ஸ்பூலில், அதாவது நரம்பு சுற்றியிருக்கும் உருளையில், தூண்டில் நரம்பு பொங்கி எழுந்து ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்ளும். அப்புறம் உட்கார்ந்து பிரித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ரீல் மோசம் என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் ரீலில் ஒரு கோளாறும் இருக்காது. பழக வேண்டியது கட்டைவிரல்.

ஏன் சிக்குகிறது?

ஸ்பின்னிங் ரீலில் வீசும்போது ஸ்பூல் அசையாது. நரம்பு அதன் விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாக உருவிக்கொண்டு போகும். பெய்ட்காஸ்டிங் ரீலில் அப்படியில்லை; நரம்பு வெளியே போக வேண்டுமென்றால் ஸ்பூலே சுழல வேண்டும். நரம்பின் நுனியில் கட்டிய லூர் (செயற்கை இரை) இழுக்கிறது, ஸ்பூல் சுற்றுகிறது. காற்றில் போகப் போக லூரின் வேகம் குறையும், ஆனால் வேகம் பிடித்த ஸ்பூல் அதே அளவுக்குக் குறையாது. பட்டம் இழுப்பதை நிறுத்திய பிறகும் கையிலிருக்கும் கண்டு ஓடி நூலைக் காலடியில் கொட்டுமே, அதே கதைதான். இங்கே கொட்ட இடமில்லாததால் நரம்பு ஸ்பூலின் மேலேயே பொங்குகிறது.

இந்த ரீலின் முன்னோடியை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக் கைவினைஞர் செய்தார். அதில் பிரேக் எதுவும் கிடையாது, விரலை நம்பித்தான் வீசினார்கள். இன்றைக்கு ரீலில் இருக்கும் திருகுகள் எல்லாம் அந்த விரலுக்குத் துணையாகப் பின்னால் வந்தவை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

தேவையானவை

நரம்பு விஷயத்தில் குழம்பவே வேண்டாம்: 0.30 முதல் 0.35 மி.மீ. தடிமனுள்ள சாதாரண மோனோ (ஒற்றை இழை) நரம்பு. பின்னல் நரம்பு இப்போதைக்கு வேண்டாம், அதில் விழும் சிக்கைப் பிரிப்பது இதைவிடக் கஷ்டம். ஸ்பூலின் விளிம்புக்கு 3 மி.மீ. கீழேயே சுற்றுவதை நிறுத்திவிடுங்கள். விளிம்பு வரை நிரப்பினால் நரம்பு இன்னும் சுலபமாகப் பொங்கும்.

லூர் 14 முதல் 18 கிராம் வரை இருக்கட்டும். லேசானதில் தொடங்கினால் சுலபம் என்று தோன்றும், உண்மை அதற்கு நேர் எதிர். ஸ்பூலை இழுத்துச் சுழற்றும் அளவுக்கு எடை இருந்தால்தான் வீச்சு சீராக வரும். 7 கிராமுக்குக் கீழே உள்ளதெல்லாம் கை பழகிய பிறகு. பயிற்சிக்கு முள் இல்லாத லூரோ, ஒரு ஈயக்குண்டோ போதும். உங்கள் ராடில் (தூண்டில் கோலில்) எத்தனை கிராம் வரை வீசலாம் என்று அச்சிட்டிருக்கும், அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ரீல் வாங்கவில்லையென்றால் ஒரு விஷயம். ஸ்பின்னிங் ரீலில் கைப்பிடியைக் கழற்றி எந்தப் பக்கமும் மாட்டலாம், இதில் முடியாது. இடக்கைப்பிடி, வலக்கைப்பிடி என்று தனித்தனி ரீல்கள். வலது கையால் வீசுபவர் இடக்கைப்பிடி ரீல் எடுத்தால் வீசிய பிறகு ராடைக் கை மாற்ற வேண்டியதில்லை. நான் யாருக்கும் அதைத்தான் சொல்வேன்.

படி 1: திருகுகளைச் சரிசெய்தல்

கைப்பிடி இருக்கும் பக்கத்தில், நட்சத்திர வடிவ டிராக்குக்கு (மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு இறுக்கத்தில் வெளியே போக வேண்டும் என்பதை வைக்கும் திருகு) அருகே ஒரு சின்னத் திருகு இருக்கும். அது ஸ்பூலின் அச்சை நுனியில் அழுத்துவது, அதாவது டென்ஷன் திருகு. எதிர்ப்பக்கத்தில் எண்கள் போட்ட திருகு இருந்தால் அது பிரேக். பெரும்பாலும் அதற்குள்ளே காந்தங்கள் இருக்கும். ஸ்பூல் வேகமாகச் சுற்றச் சுற்ற அவை தொடாமலேயே அதை இழுத்துப் பிடிக்கும். சில ரீல்களில் பக்கமூடியைத் திறந்தால் சின்னச் சின்னக் கட்டைகள் தெரியும். ஸ்பூல் சுழலும்போது அவை வெளிப்பக்கமாகத் தள்ளப்பட்டு ஒரு வளையத்தில் உரசும். அவற்றை எதிரெதிர் ஜோடியாகவே போடுங்கள்.

லூரைக் கட்டி, ராடின் நுனியிலிருந்து ஒரு சாண் தொங்கவிடுங்கள். ராடைக் கிடைமட்டமாகப் பிடித்துக்கொண்டு, ஸ்பூலுக்குப் பின்னால் உள்ள பட்டையைக் கட்டைவிரலால் அழுத்தி ஸ்பூலை விடுவியுங்கள். லூர் நிதானமாகக் கீழே இறங்க வேண்டும். தரையைத் தொட்டதும் ஸ்பூலும் நிற்க வேண்டும். சடாரென்று விழுந்தால் டென்ஷன் திருகை இறுக்குங்கள். இறங்கவே மறுத்தால் துளித் துளியாகத் தளர்த்துங்கள். பிரேக்கை ஆரம்பத்தில் முழுசாகவே வைத்துவிடலாம். தூரம் போகாது. போக வேண்டாம்.

லூரை மாற்றும்போதெல்லாம் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். எடை மாறினால் பழைய அளவு செல்லாது.

படி 2: விரலை மட்டும் பழக்குதல்

இன்னும் வீச வேண்டாம். நின்ற இடத்திலேயே லூரை விழவிட்டு, அது தரையைத் தொடும் முன் கட்டைவிரலால் ஸ்பூலை நிறுத்துங்கள். அவ்வளவுதான். இதைச் செய்து காட்டினால் பலர் அலட்சியமாகச் சிரிப்பார்கள், ஆனால் முழு வித்தையும் இதற்குள்தான் இருக்கிறது.

விரல் எப்படிப் படுகிறது என்பதைக் கவனியுங்கள். விரலைத் தட்டையாக அப்பி வைக்காமல், நுனிக்குப் பக்கத்திலுள்ள சதையைக் கொஞ்சம் சாய்வாக நரம்பின் மேல் வையுங்கள். நரம்பு ஒட்டிச் சுற்றியிருக்கும்போது விரலுக்கடியில் வழவழவென்று ஓடும். அது தளர ஆரம்பித்தால் மெல்லிய வளையங்கள் எழும்பி விரலைக் கூசவைக்கும். சிக்கு விழப்போகிறது என்பதற்கு முதல் அறிகுறி அந்தக் கூச்சம்தான். அந்த நேரத்தில் இறகு பாரம் அழுத்தினால் போதும், வளையங்கள் அடங்கிவிடும். பயந்துபோய் ஒரேயடியாக அமுக்கினால் லூர் பாதியில் வெடுக்கென்று நின்றுவிடும், சில சமயம் நரம்பே அறுந்து லூர் பறந்துவிடும்.

படி 3: வீசுதல்

புல்தரை நல்லது. சிமென்ட், சரளை மேல் இழுத்தால் நரம்பு சிராய்த்துப்போகும். காற்று முதுகுப்பக்கம் வரும்படி நில்லுங்கள். பின்னால் ஆள் யாரும் இல்லையே என்று ஒவ்வொரு முறையும் திரும்பிப் பாருங்கள்.

இன்னொரு தற்காப்பும் உண்டு. 25, 30 மீட்டர் நரம்பை இழுத்துவிட்டு, ஸ்பூலில் மிச்சமிருக்கும் நரம்பின் மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டி, பிறகு திரும்பச் சுற்றிக்கொள்ளுங்கள். எவ்வளவு மோசமான சிக்கு விழுந்தாலும் டேப்பைத் தாண்டி உள்ளே போகாது. மீன் பிடிக்கப் போகும்போது மட்டும் மறக்காமல் உரித்துவிடுங்கள்.

இப்போது ராடைப் பிடியுங்கள். பட்டையை அழுத்தும் அதே கட்டைவிரல் ஸ்பூலையும் அமுக்கிப் பிடித்திருக்க வேண்டும். அடுத்து, உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி மணிக்கட்டைத் திருப்புங்கள், ரீல் பக்கவாட்டில் சாயும். வலது கையால் வீசுபவருக்கு வலக்கைப்பிடி ரீலில் கைப்பிடி மேலே பார்க்கும், இடக்கைப்பிடியில் கீழே பார்க்கும். ரீலை நிமிர்த்தியே வைத்து வீசினால் மணிக்கட்டு பாதியில் பூட்டிக்கொள்ளும்.

ராடை மெதுவாகப் பின்னால் கொண்டுபோங்கள். லூரின் எடையில் ராடின் நுனி வளைவது கையில் தெரியும். அந்த வளைவு தெரிந்ததும் முன்னால் கொண்டுவாருங்கள், ஒரே சீரான அசைவாக. கடிகார முள்ளில் சொன்னால், முன்னால் வரும் ராடு 11 மணியைத் தாண்டி 10 மணியை நெருங்கும்போது விரலின் அழுத்தத்தை விடுங்கள். விரலை முழுக்கத் தூக்கிவிடாதீர்கள், நரம்புக்கு மேலே தொட்டும் தொடாமலும் இருக்கட்டும்.

லூர் வானத்தைப் பார்த்துப் போனால் சீக்கிரம் விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். காலடியில் மோதினால் தாமதம்.

லூர் தரையை, அல்லது தண்ணீரைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பே விரலால் ஸ்பூலை நிறுத்துங்கள். புதிதாகப் பழகுபவர்கள் லூர் விழும் அழகை ரசித்துக்கொண்டு இதை மறந்துவிடுவார்கள். பிறகு கைப்பிடியைச் சுற்றத் தொடங்கியதும் பட்டை 'டக்' என்று மேலே வந்து பல்சக்கரம் சேர்ந்துகொள்ளும்.

முதலில் 10 மீட்டர் போதும். தூரத்தைக் குறி வைக்காமல், ஒரு வாளியையோ துண்டையோ போட்டு அதைக் குறி வைத்து வீசுங்கள். பலத்தைக் காட்ட வேண்டும் என்ற ஆசை வந்தால் அன்றைக்குச் சிக்கு நிச்சயம்.

சுற்றும்போதும் ஒரு கவனம் தேவை. புல்தரையில் லூர் இழுபடாமல் துள்ளித் துள்ளி வருவதால் நரம்பு தளர்வாகச் சுற்றிக்கொள்ளும். அந்தத் தளர்ச்சி அடுத்த வீச்சில் சிக்காக வரும். ரீலுக்கு முன்னால் நரம்பை இரு விரல்களுக்கு நடுவில் லேசாகப் பிடித்தபடி சுற்றுங்கள்.

சிக்கு விழுந்தால்

விழும். முதலில், நரம்பைப் பிடித்து வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுத்தால் வளையங்கள் முடிச்சாகிவிடும்.

டிராக்கை முழுசாக இறுக்குங்கள். சிக்கின் மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டே கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். எழும்பி நிற்கும் வளையங்கள் படிந்துவிடும். பிறகு பட்டையை அழுத்தி நரம்பை மெல்ல இழுங்கள். கொஞ்சம் வந்து நிற்கும். மறுபடி அதே வேலை. சாதாரணச் சிக்கு பலவும் இதிலேயே சரியாகிவிடும். அப்படியும் நகரவில்லை என்றால், நரம்பு நின்ற இடத்தில் குறுக்கே படுத்திருக்கும் ஒரு வளையம் தெரியும். அதை விரல்நுனியாலோ பல்குத்தும் குச்சியாலோ தூக்கிவிடுங்கள். கூரான ஊசி, கத்தி எதுவும் வேண்டாம், நரம்பு கீறிவிடும்.

முடிந்த பிறகு இரண்டு வேலை பாக்கி. இறுக்கிய டிராக்கைப் பழைய அளவுக்குத் தளர்த்துங்கள். நரம்பில் வெள்ளையாக மடிந்த தழும்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் அந்த இடம் வரை வெட்டிவிடுவது நல்லது.

சிக்கு எந்த நேரத்தில் விழுந்தது என்பதை வைத்தே காரணத்தைக் கண்டுபிடிக்கலாம். லூர் கிளம்பிய உடனே என்றால், சீராக இல்லாமல் வெடுக்கென்று வெட்டி வீசியிருக்கிறீர்கள். நடுவானில் என்றால் எதிர்க்காற்று, அல்லது அந்த எடைக்கு பிரேக் போதவில்லை. லூர் விழுந்த பிறகு என்றால் விரல் தூங்கிவிட்டது.

பிரேக்கைத் தளர்த்துவது எப்போது?

தொடர்ந்து பத்துப் பதினைந்து வீச்சு சிக்கில்லாமல் போனால் பிரேக்கை ஒரே ஒரு எண் குறையுங்கள். விரல் அதற்குப் பழகிய பிறகு இன்னொன்று. டென்ஷன் திருகையும் இப்படித்தான் மெல்ல மெல்லக் குறைத்து, கடைசியில் ஸ்பூல் பக்கவாட்டில் ஆடாத அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். எதிர்க்காற்றில் வீச வேண்டி வந்தால் வெட்கப்படாமல் பிரேக்கை மறுபடி ஏற்றி, லூர் உயரமாகப் போகாமல் தாழ்வாகப் போகும்படி வீசுங்கள். பின்னல் நரம்புக்கு மாறுவதென்றால் அடியில் கொஞ்சம் மோனோ சுற்றி அதன்மேல் பின்னலைக் கட்டுங்கள். இல்லாவிட்டால் பின்னல் வழுக்கி, ஸ்பூலின் மேல் மொத்தமாகச் சுழலும்.