கருத்தடை மாத்திரைக்கு நடுவே ரத்தக்கசிவா? அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள்

அட்டையில் 11-வது மாத்திரை. பீரியட்ஸுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் உள்ளாடையில் பழுப்பாக ஒரு கறை. “இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை” என்று பலர் அன்றைக்கே நிறுத்திவிடுகிறார்கள். இருக்கிற தவறுகளிலேயே பெரியது அதுதான். பாதியில் நிறுத்தினால் ஹார்மோன் அளவு இறங்கி, கசிவாக இருந்தது சில நாளில் முழு உதிரப்போக்காகிவிடும். கருத்தரிக்கவும் வழி திறந்துவிடும்.

மாத்திரை கருப்பையின் உட்படலத்தை மெல்லியதாக்குகிறது. அது பழகும்வரை அங்கங்கே கசியும். முதல் 3 மாதம் இது சகஜம். மாத்திரையை ஒழுங்காகப் போட்டுவருகிறவருக்குக் கசிவு வந்தால், பாதுகாப்பு போய்விட்டது என்று பொருளல்ல. இந்த 3 மாதத்துக்குள் வேறு மாத்திரை, அதற்கும் அடுத்து இன்னொன்று என்று மாற்றினால், உடம்பு ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து பழக வேண்டும்.

மாத்திரை தவறினாலும் கசியும். முதலில் அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்கள். சிலருக்குப் புதன்கிழமைக் குழியில் மாத்திரை அப்படியே இருக்கும்! அலாரத்தை அணைத்துவிட்டு “சாப்பிட்டபின் போடலாம்” என்று விட்டதுதான். ஒன்று தவறினால், நினைவு வந்ததும் போடுங்கள். அன்றைய மாத்திரையையும் சேர்த்து இரண்டானாலும் பரவாயில்லை. இரண்டோ அதற்கு மேலோ தவறினால், கடைசியாக விட்ட ஒன்றை மட்டும் போட்டுவிட்டு வழக்கம்போலத் தொடருங்கள். எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கக் கூடாது. அடுத்த 7 நாள் ஆணுறை அவசியம். முதல் வாரத்தில் தவறி, உறவும் நடந்திருந்தால், அவசரக் கருத்தடை தேவையா என்று மருத்துவரிடம் உடனே கேளுங்கள். இதெல்லாம் இரண்டு ஹார்மோன் கலந்த மாத்திரைக்கு. புரோஜெஸ்டின் என்ற ஒரே ஹார்மோன் மட்டும் உள்ளதில் சில வகைகளுக்கு 3 மணி நேரத் தாமதமே தவறவிட்ட கணக்கு.

மாத்திரை போட்ட 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால், அதுவும் போடாத மாத்திரைதான். இன்னொன்று போட வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமாசெபைன், ஃபெனிட்டாயின் போன்றவை கருத்தடை மாத்திரையின் வீரியத்தைக் குறைக்கும். வேறு நோய்க்கு மருத்துவரிடம் போகும்போது பலர் கருத்தடை மாத்திரையைப் பற்றிச் சொல்வதே இல்லை. “அதெல்லாம் ஒரு மருந்தா” என்ற நினைப்பு! சிகரெட் பழக்கமும் கசிவைக் கூட்டும்.

“ரத்தம் வந்துவிட்டதே, கர்ப்பமில்லை” என்று நிம்மதியாகிவிடுவது இன்னொரு தவறு. கர்ப்பத்தின் தொடக்கத்திலும் கசிவு வரலாம். மாத்திரை தவறியிருந்தால் பரிசோதனை செய்துவிடுங்கள். ரத்தத்தை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் நீங்களாகவே வாங்கிப் போடாதீர்கள். சிலவகை, கருத்தடை மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும்.

3 மாதம் தாண்டியும் கசிவு, உறவுக்குப் பின் ரத்தம், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, மார்புவலி, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகும்போது அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்த நாள் கசிந்தது, எந்த மாத்திரை தவறியது என்றுதான் மருத்துவர் முதலில் கேட்பார்.