ஷாஃப்ட் ஸ்லீவுக்கு பிளாஸ்மா ஸ்பிரேயில் கார்பைடு கோட்டிங்

பம்ப் ஷாஃப்ட் ஸ்லீவ் (சுழலும் தண்டு தேயாமலிருக்க அதன்மேல் மாட்டும் உலோக உறை) தேய்ந்து பள்ளம் விழுந்ததும் கடாசிவிடாதீர்கள். குரோமியம் கார்பைடு 75 சதவீதமும் நிக்கல்-குரோமியம் 25 சதவீதமும் உள்ள பவுடரை பிளாஸ்மாவில், அதாவது மின்வில்லால் கடும் சூடேறிய வாயு ஜெட்டில், உருக்கி அடித்து அதையே மீட்டுவிடலாம். தேய்மானத்தைத் தாங்குவது கார்பைடு, அது உதிராமல் பிடித்துக்கொள்வது உலோகம். டங்ஸ்டன் கார்பைடு-கோபால்ட் இன்னும் கெட்டியானதுதான், ஆனால் பிளாஸ்மாவின் சூட்டில் அதன் கார்பன் எரிந்துபோய் கோட்டிங் நொறுங்க ஆரம்பிக்கும், அதனால் அதற்கு எச்.வி.ஓ.எஃப். (ஆக்சிஜனும் எரிபொருளும் எரியும் அதிவேக ஜெட்டில் பவுடரை அடிக்கும் முறை) தான் என் தேர்வு.

முதலில் லேத்தில் தேய்ந்த பகுதியைப் பக்கத்துக்கு 0.25 மி.மீ. கடைந்துவிட்டு, ஓரங்களைக் கூராக விடாமல் லேசாக வளைத்துவிடுங்கள், கோட்டிங் உரிந்துவர ஆரம்பிப்பது அங்கேதான். எண்ணெய்ப் பிசுக்கை சுத்தமாக எடுங்கள். அப்புறம் 24 மெஷ் அலுமினாத் துகள்களைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சொரசொரப்பாக்கும் கிரிட் பிளாஸ்டிங்.

இந்த இடத்தில் அவசரமே கூடாது. உருகிய துளிகள் அடி உலோகத்தோடு கலப்பதில்லை, சொரசொரப்பில் போய்க் கவ்விக்கொண்டு நிற்கின்றன, அவ்வளவுதான். கம்ப்ரஸர் காற்றில் கொஞ்சம் எண்ணெயோ தண்ணீரோ வந்தாலும், பிளாஸ்டிங் முடிந்த ஜாப்பை (அதாவது ஸ்லீவை) வெறுங்கையால் தொட்டாலும் அந்தப் பிடி போய்விடும். 2 மணி நேரத்துக்குள் ஸ்பிரே செய்யுங்கள், மழைநாளில் இன்னும் சீக்கிரம்.

15 முதல் 45 மைக்ரான் பவுடர் போதும், அதை ஓவனில் 100 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேலே வைத்து உலர்த்தியே கன்னுக்குப் பவுடர் அனுப்பும் ஃபீடரில் போடுங்கள். ஆர்கானோடு கொஞ்சம் ஹைட்ரஜன், சுமார் 500 ஆம்பியர், கன்னுக்கும் ஜாப்புக்கும் 100-120 மி.மீ. தூரம் என்று ஆரம்பித்து உங்கள் கன் தயாரிப்பாளரின் அட்டவணைப்படி திருத்திக்கொள்ளுங்கள். ஹைட்ரஜனை ஏற்றினால் சூடு ஏறி கார்பைடு கெடும், தூரம் கூடினால் துகள்கள் வழியிலேயே ஆறி ஒட்டாமல் சிதறும். ஜாப்பைச் சுழலவிட்டு மெல்லிய பூச்சுகளாக ஏற்றுங்கள், பக்கத்தில் காற்று அடித்து 150 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் முடிக்கலாமே என்று ஒரே இடத்தில் கனமாக அடித்தால் ஆறும்போது விரிசல் விடும்.

பக்கத்துக்கு மொத்தம் 0.35 மி.மீ. ஏற்றுங்கள், கிரைண்டிங்கில் 0.1 போய்விடும். அதற்கு முன் எபாக்ஸி சீலர் பூசினால் நுண்துளைகள் அடைபடும். கிரைண்டிங்குக்கு டைமண்ட் வீல், நிறைய கூலண்ட், மெதுவான ஃபீட்.

சரி, முக்கியமான ஒன்று: குரோமியம் புகை நுரையீரலுக்கு விஷம். புகை உறிஞ்சும் பூத், மாஸ்க், வெல்டிங் கண்ணாடி, காதடைப்பு, இந்த நாலும் இல்லாமல் கன்னைப் பற்றவைக்காதீர்கள்.