படப் பட்டியலுக்குப் பிறகே கேமரா: ஒளிப்படம், திட்டமிடல், வலைப்பதிவு மூன்றையும் ஒரே ஓட்டத்தில் செய்யும் முறை

ஒளிப்படங்களோடு கட்டுரைகள் எழுதி வெளியிடும் பலர், முதலில் படங்களை எடுத்துக் குவித்துவிட்டுப் பிறகுதான் அவற்றை வைத்து என்ன எழுதலாம் என்று யோசிக்கிறார்கள். பாதியில் நின்றுபோன வரைவுகள் சேர்ந்துகொண்டே போவதற்கு இந்த வரிசையே பெரும்பாலும் காரணம். எழுத உட்காரும்போது எது மிகவும் தேவையோ அந்த ஒரு படம் மட்டும் இருக்காது. அதற்காக எல்லாப் பொருள்களையும் மறுபடி பரப்பி வைத்துப் படமெடுக்கப் பொறுமையும் இருக்காது. ஆகவே நான் பரிந்துரைக்கும் வரிசை இதுதான்: முதலில் பதிவின் சட்டகம் (எந்தக் கேள்விகளுக்கு என்ன பதில் என்ற சுருக்கம்), அதிலிருந்து எடுக்க வேண்டிய படங்களின் பட்டியல், அதன் பிறகு கேமரா. எந்தக் கேமரா, எந்தச் செயலி என்பதெல்லாம் அடுத்த கேள்விகள்.

முறையை விளக்க ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். தொட்டியில் வளரும் செடியைச் சற்றுப் பெரிய தொட்டிக்கு மாற்றுவது எப்படி என்று நீங்கள் ஒரு பதிவு எழுதப் போகிறீர்கள்.

திட்டத்துக்கு ஒரே இடம்

கூகுள் ஷீட்ஸ் போன்ற எளிய அட்டவணை ஒன்றே போதும். ஒரு பதிவுக்கு ஒரு வரிசை. தலைப்பு, வாசகரின் கேள்வி, இப்போதைய நிலை, படமெடுக்கும் நாள், வெளியிடும் நாள் என்று ஐந்து பத்திகள். அட்டைகளை நகர்த்திப் பார்க்கும்போதுதான் வேலை பிடிபடுகிறது என்பவர்கள் ட்ரெல்லோவையும், குறிப்புகளும் அட்டவணையும் ஒன்றாக இருக்கட்டும் என்பவர்கள் நோஷனையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இவற்றில் ஒன்றை மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள். யோசனை கைபேசியில், தேதி நாள்காட்டியில், வரைவு மின்னஞ்சலில் என்று சிதறிக் கிடந்தால் எந்தச் செயலியாலும் உதவ முடியாது. திட்டமிடும் செயலியை வண்ணம் பூசி அழகுபடுத்துவதே ஒரு வேலையாகிவிடாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம்.

அந்த ஐந்து பத்திகளில் நான் பெரிதும் மதிப்பது வாசகரின் கேள்வி என்ற பத்தியைத்தான். “செடியை மாற்றுவது பற்றி” என்று எழுதி வைத்தால் அது வெறும் தலைப்பாகவே நிற்கும். “மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது?”, “புதிய தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?”, “வேர் கொஞ்சம் அறுந்தால் செடி பிழைக்குமா?” என்று எழுதினால் அவையே பதிவின் உட்தலைப்புகளாகின்றன. ஒவ்வொரு கேள்விக்கும் ஓரிரு வரியில் பதில் எழுதிவிட்டால் சட்டகம் முடிந்தது. பதில் தெரியாத கேள்வி எது என்பதும் இந்த இடத்திலேயே வெளிப்பட்டுவிடும். அதைத் தேடிப் படிக்க இன்னும் நேரம் இருக்கிறது.

அடுத்து, சட்டகத்தை வைத்துப் படப் பட்டியலை எழுத வேண்டும். இதில்தான் அவசரமே கூடாது. சட்டகத்தின் ஒவ்வொரு வரியையும் படித்து, சொல்லால் விளக்குவது கடினமாகவும் கண்ணால் பார்த்தால் உடனே புரிவதாகவும் இருப்பது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தொட்டியின் அடித்துளை வழியே வேர் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது, செடியைக் கவிழ்த்து எடுத்ததும் வேர்கள் தொட்டியின் வடிவத்திலேயே சுற்றிச் சுற்றிப் பின்னியிருப்பது, பழைய தொட்டியையும் புதிய தொட்டியையும் அருகருகே வைத்தால் தெரியும் அளவு வித்தியாசம், மண்ணின் மேல்மட்டத்துக்கும் தொட்டி விளிம்புக்கும் இடையே தண்ணீர் ஊற்ற விடும் இடைவெளி ஆகியவை அப்படிப்பட்டவை. மண்ணை அழுத்துவது போன்றவற்றை எழுத்திலேயே சொல்லிவிடலாம். பட்டியலில் ஒவ்வொரு படத்துக்கும் எதிரே கிடைமட்டமா செங்குத்தா, தொலைவிலிருந்தா நெருக்கத்திலா, கை தெரிய வேண்டுமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முகப்புப் படத்துக்கு மட்டும் ஒரு பக்கம் வெற்றிடம் விட்டு எடுங்கள். சமூக ஊடகங்களில் பகிரும் முன்னோட்டப் படம் பெரும்பாலும் 1200 × 630 பிக்சல் விகிதத்தில் வெட்டப்படுவதால், மேலும் கீழும் நெருக்கமாக எடுத்த படம் அங்கே தலை இழந்து நிற்கும்.

திரும்ப எடுக்க முடியாத படங்களுக்கு நட்சத்திரக் குறி இடுங்கள். வேர்க்கட்டை, அதாவது வேரும் மண்ணும் சேர்ந்த கட்டியை, உதிர்த்த பிறகு அதை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் கூர்மையைச் சரிபார்த்த பிறகே அடுத்த படிக்குக் கைவைக்க வேண்டும்.

வெளிச்சமும் கேமராவும்

விளக்கு வாங்குவதற்கு முன் ஜன்னலைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வது நல்லது. பொருளை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வையுங்கள். நேர் வெயில் விழுந்தால் மெல்லிய வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டுங்கள். எதிர்ப்புறம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் நிழற்பகுதிக்கும் ஓரளவு வெளிச்சம் திரும்பிவரும். அறை விளக்குகளை அணைத்துவிட வேண்டும். பகல் வெளிச்சத்தின் நிறவெப்பநிலை (ஒளி நீலச்சாயலா மஞ்சள்சாயலா என்பதைக் காட்டும் அளவு) ஏறத்தாழ 5500 கெல்வின். மஞ்சள் ஒளி தரும் வீட்டு விளக்குகளுக்கு அது ஏறத்தாழ 2700 முதல் 3000 வரை. இரண்டும் ஒரே படத்தில் கலந்தால் இலையின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் தெரியும். முழுப் படத்துக்கும் ஒரே ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறச்சாயலைச் சரிசெய்யும் அமைப்பு) வைத்து அதைச் சரிசெய்ய முடியாது.

வெள்ளைப் பின்னணியில் எடுத்த படம் சாம்பல் நிறமாக வருகிறதே என்று பலரும் குழம்புவதுண்டு. கேமராவின் ஒளிமானி, தான் பார்க்கும் காட்சியை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவர முயல்கிறது. காட்சி முழுக்க வெள்ளையாக இருந்தால் அது வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. கேமரா கணித்த வெளிச்ச அளவைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +⅔ அல்லது +1 என்று கூட்டினால் வெள்ளை வெள்ளையாகும். கருப்புப் பின்னணிக்கு எதிர்த்திசையில் குறைக்க வேண்டும். படத்தின் இருள், வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தில் வரைபடம் சுவரில் முட்டியதுபோல் குவியாமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அப்படிக் குவிந்திருந்தால் வெளிச்சமான பகுதிகளின் விவரம் அழிந்துவிட்டது என்று பொருள்.

கைபேசியே போதுமா என்றால், தொடங்குவதற்குப் போதும். ஆனால் கைபேசியின் முதன்மை லென்ஸ் அகலக் கோணம் கொண்டது. நெருங்கிப் போய் எடுத்தால் முன்னால் இருப்பது பெருத்தும் பின்னால் இருப்பது சிறுத்தும் தெரியும். இரண்டடி பின்வாங்கி இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் தொட்டி தொட்டியின் வடிவத்திலேயே இருக்கும். திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டப்படும் வசதி பெரும்பாலான கைபேசிகளில் உண்டு. ஒரே வரிசையில் வரும் படங்கள் ஒரே வெளிச்சத்தில் இருக்க அது உதவும். தனிக் கேமரா வாங்குவதாக இருந்தால், கேமராவின் உடற்பகுதியைவிட ஒரு 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸுக்கும் ஆடாத ட்ரைபாடுக்கும் முன்னுரிமை தாருங்கள். கை அசையும் படங்களுக்கு ஷட்டர் வேகம் 1/125 நொடியைவிட மெதுவாகிவிடக் கூடாது. அதற்காக ஐஎஸ்ஓவை (ஒளிக்கான உணர்திறன் அமைப்பு) கூட்ட வேண்டியிருந்தால் தயங்காமல் கூட்டுங்கள். புள்ளிப் புள்ளியான இரைச்சலைப் பின்னால் குறைத்துக்கொள்ளலாம், அசைவில் கலங்கிய படத்தை மீட்பது மிகக் கடினம்.

கேமராவில் ரா கோப்பாக, அதாவது கேமரா பதிந்த தகவலைப் பெரிதும் மாற்றாமல் வைத்திருக்கும் கோப்பாக, எடுப்பதே என் பரிந்துரை. ஜேபெக் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 8 பிட், அதாவது 256 படிநிலைகளை மட்டுமே வைத்திருக்கிறது. 14 பிட் ரா கோப்பில் 16,384 படிநிலைகள் உண்டு. இருண்ட பகுதிகளை வெளிச்சமாக்கிப் பார்க்கும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

கோப்புகள்

படமெடுத்த அன்றே கணினிக்கு மாற்றிவிடுங்கள். கோப்புறைக்கு ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் பெயரிட்டு, அதனோடு பதிவின் பெயரைச் சேருங்கள்: 2025-03-14-தொட்டி-மாற்றம். ஆண்டு முதலில் வந்தால் பெயர்வரிசையே காலவரிசையாக அமைந்துவிடும். இதே பெயரை அட்டவணையிலும் எழுதுங்கள். பிற்காலத்தில் ஒரு படத்தைத் தேடும்போது பதிவிலிருந்து கோப்புறைக்கும் கோப்புறையிலிருந்து பதிவுக்கும் போய்வர அந்த ஒரே பெயர் போதும்.

ஒளிப்படக்காரர்கள் கடைப்பிடிக்கும் 3-2-1 விதியை நீங்களும் கடைப்பிடியுங்கள்: மூன்று நகல்கள், இரு வேறு வகைச் சேமிப்புக் கருவிகள், ஒரு நகல் வேறோர் இடத்தில். கணினி, வெளி ஹார்ட் டிஸ்க், மேகச் சேமிப்பு என்றால் விதி நிறைவேறிவிடும். இரண்டு நகல்களாவது உருவான பிறகே மெமரி கார்டை அழிக்க வேண்டும். அதையும் கேமராவுக்குள்ளேயே ஃபார்மேட் செய்வது பாதுகாப்பானது.

தேர்வும் திருத்தமும்

திருத்துவதற்கு முன் கழிக்க வேண்டும். படங்களைத் தேர்ந்து திருத்த உதவும் லைட்ரூம் கிளாசிக் என்ற மென்பொருளில் பி விசை படத்தைத் தேர்ந்தெடுக்கும், எக்ஸ் விசை ஒதுக்கும். கட்டணமில்லாத டார்க்டேபிளில் எண் விசைகள் நட்சத்திரம் தரும், ஆர் விசை ஒதுக்கும். முதல் சுற்றில் கூர்மை இல்லாதவற்றை மட்டும் தள்ளுங்கள். இரண்டாம் சுற்றில் படப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பட்டியலின் ஒரு வரிக்கு ஒரு படம் என்று எடுங்கள். பட்டியல் இருப்பதன் பயன் இங்கேதான் முழுமையாகத் தெரிகிறது: “இவற்றில் எது அழகு?” என்று தவிக்காமல், “வேர் பின்னியிருப்பதை எது தெளிவாகக் காட்டுகிறது?” என்று கேட்கிறோம். அந்தக் கேள்விக்கு விரைவில் விடை கிடைத்துவிடும்.

திருத்தத்தில் ஒரு படத்தின் ஒயிட் பேலன்ஸையும் வெளிச்சத்தையும் சரிசெய்து, அதே அமைப்பை மற்றவற்றுக்கும் படியெடுத்துவிடுங்கள். இலையின் பச்சையை உண்மைக்கு மேல் ஏற்ற வேண்டாம். நோயுற்ற இலையையும் நலமான இலையையும் வாசகர் அந்த நிறத்தை வைத்துத்தான் பிரித்தறியப் போகிறார்.

ஏற்றுமதி செய்யும்போது வண்ணவெளி (படத்தில் இடம்பெறக்கூடிய நிறங்களின் வரம்பு) இணையத்தில் வழக்கமான எஸ்ஆர்ஜிபி ஆக இருக்கட்டும். 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000 × 4000 பிக்சல் இருக்கும். பதிவின் எழுத்துப் பகுதி 800 பிக்சல் அகலம் என்றால், பிக்சல்கள் அடர்த்தியாக உள்ள திரைகளையும் கணக்கில் கொண்டு 1600 பிக்சல் அகலம் போதுமானது. ஜேபெக் தரம் 75 முதல் 80 வரை வைத்தால் கோப்பு பல மெகாபைட்டிலிருந்து சில நூறு கிலோபைட்டுக்கு இறங்கிவிடும். கூகுள் 2010இல் அறிமுகப்படுத்திய வெப்பி வடிவம் பொதுவாக இன்னும் சிறியதாக அமையும். பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 நொடிக்குள் தோன்றினால்தான் நல்ல வேகம் என்று கூகுள் வரையறுக்கிறது. பெரும்பாலான பதிவுகளில் அந்த முதன்மைப் பகுதி முகப்புப் படம்தான். வீட்டில் எடுத்த படங்களில் இருப்பிடத் தகவல் பதிந்திருக்கக்கூடும் என்பதால், ஏற்றுமதி அமைப்பிலேயே அதை நீக்கிவிடுங்கள்.

எழுத்தும் வெளியீடும்

வரைவை வேர்ட்பிரஸ் அல்லது பிளாகரின் பெட்டிக்குள் நேரடியாக எழுதாமல், தனி ஆவணத்தில் எழுதிப் பிறகு வடிவமைப்பு இல்லாமல் ஒட்டுங்கள். எழுத்து ஒருங்குறியில் (யூனிகோடில்) மட்டுமே இருக்க வேண்டும். பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் தட்டச்சு செய்தது தேடலில் கிடைக்காது. ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை, அதாவது படத்தைப் பார்க்க முடியாதவருக்கு அதை விளக்கும் வரி, எழுதுங்கள். “செடி படம்” என்பது பயன்படாது. “தொட்டியிலிருந்து எடுத்த வேர்க்கட்டு, வேர்கள் வெளிப்புறம் முழுவதும் சுற்றிப் பின்னியுள்ளன” என்றால் திரைவாசிப்பான் மூலம் படிப்பவருக்கும் அதே தகவல் போய்ச் சேரும்.

முகவரி விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ் ஒருங்குறிக் குறியீடு ஒவ்வொன்றும் இணையத்தில் வழக்கமான யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் மூன்று பைட் எடுத்துக்கொள்கிறது. இணைய முகவரியைப் படியெடுத்து ஒட்டும்போது அப்படிப்பட்ட ஒவ்வொரு குறியீடும் ஒன்பது குறிகளாக விரிகிறது. முழுத் தலைப்பையும் முகவரியாக விட்டால் நூற்றுக்கணக்கான குறிகள் கொண்ட நீண்ட வால் உருவாகும். ஓரிரு சொற்களில் முகவரியை நீங்களே அமைத்துவிடுங்கள்.

வெளியிட்ட சில மாதங்களுக்குப் பிறகு கூகுளின் சர்ச் கன்சோலைத் திறந்து, எந்தத் தேடல்கள் வழியாக வாசகர்கள் வருகிறார்கள் என்று பாருங்கள். நீங்கள் எழுதாத ஒரு கேள்வி அங்கே திரும்பத் திரும்பத் தென்பட்டால், அதை அட்டவணையில் புதிய வரிசையாகச் சேருங்கள். சிறிய கேள்வியாக இருந்தால் பழைய பதிவிலேயே ஒரு பத்தியும் ஒரு படமும் கூட்டி, திருத்திய தேதியைக் குறிப்பிடுங்கள். அப்போது முகவரியை மட்டும் மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 வழிமாற்றம் (நிரந்தரமாகத் திருப்பிவிடும் அமைப்பு) அமைத்த பிறகு மாற்றுங்கள்.