பவர்லிஃப்டிங் போட்டிக்குத் தயாராகும் குடும்பஸ்தர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலை, பிள்ளைகள் என்று இருக்கிறவர்கள் போட்டிக்குப் பெயர் கொடுத்ததும் செய்கிற பெரிய தவறு, வாரம் ஐந்து நாள் பயிற்சித் திட்டம் ஒன்றை எங்கிருந்தோ எடுத்து அப்படியே பிடித்துக்கொள்வது. போட்டியில் இருப்பது ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (படுத்துக்கொண்டு எடையை மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையில் இருந்து எடையைத் தூக்குவது) மூன்றுதான், ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு. வாரம் மூன்று நாள் ஒழுங்காகச் செய்தாலே இதற்கு நன்றாகத் தயாராகலாம். பிள்ளைக்குக் காய்ச்சல், ஆபீசில் மாதக் கடைசி வேலை என்று எல்லாம் சேர்ந்து வருகிற வாரத்தில் எத்தனை நாள் போக முடியுமோ, அதை வைத்துத் திட்டம் போடுங்கள். முழுநேர வேலை இருந்தால் பெரிதாகத் தூக்க முடியாது என்றும் நினைக்காதீர்கள்; 52 கிலோ உடல் எடைப் பிரிவில் டெட்லிஃப்ட் உலகச் சாதனை படைத்த நம் சிங்கப்பூர் ஃபர்ஹானா ஃபரீத் ஒரு மருந்தாளர்.

அப்புறம் நேரம். கனமான செட்டுகளுக்கு நடுவில் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஓய்வு வேண்டும், மாலை ஏழு மணிக்கு ஆக்டிவ்எஸ்ஜி ஜிம்மில் ரேக்குக்கு (எடைக் கம்பியைத் தாங்கும் சட்டம்) காத்திருக்க வேண்டும், எம்ஆர்டியில் திரும்பி வர வேண்டும், இதையெல்லாம் கூட்டினால் இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். ஆனால் வீட்டில் சொல்லிவிட்டுப் போவது "ஒரு மணி நேரத்தில் வந்துடுறேன்". சண்டை வருவது பெரும்பாலும் பயிற்சியால் அல்ல, இந்தப் பொய்க் கணக்கால்தான். ஒன்பதரைக்கு வருவேன் என்றால் ஒன்பதரை என்றே சொல்லுங்கள், அதற்குள் முடியவில்லையா, கடைசியில் செய்கிற கை, தோள் பயிற்சிகளை விட்டுவிட்டுக் கிளம்புங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்வது மாமியார் என்றால் அவர்களிடமும் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

தேதியைப் பார்க்காமல் பணம் கட்டுவது இன்னொன்று. போட்டிக்கு முந்தைய ஒரு மாதம்தான் தூக்குகிற எடையும் அதிகம், அலுப்பும் அதிகம். அப்போது ரிசர்விஸ்ட் வருகிறதா, தீபாவளி வருகிறதா என்று பாருங்கள். பிஎஸ்எல்இ எழுத்துத் தேர்வு செப்டம்பர் கடைசியில் இருந்து அக்டோபர் தொடக்கம் வரை போகும், தொடக்கநிலை ஆறு படிக்கிற பிள்ளை இருந்தால் அந்தச் சமயத்துப் போட்டி வேண்டவே வேண்டாம்.

இரவு ஷிப்ட் முடித்து நேராகப் போய்க் கனமான டெட்லிஃப்ட் செய்யாதீர்கள். தூங்குங்கள், இல்லையென்றால் எடையைக் குறைத்துச் செய்யுங்கள். விட்டுப்போன நாளை அடுத்த நாளோடு சேர்த்துச் செய்வதும் வேண்டாம், போனது போகட்டும்.

முதல் போட்டிக்கு உடல் எடையைக் குறைக்கிறேன் என்று சாப்பாட்டையும் தண்ணீரையும் நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. அனைத்துலக பவர்லிஃப்டிங் சம்மேளனத்தின் (ஐபிஎஃப்) விதிப்படி எடை பார்ப்பதே போட்டி தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால்தான், அதற்குள் உடம்பு தேறாது. அதோடு பட்டினி கிடக்கிற ஆளின் எரிச்சலை வாரக்கணக்கில் தாங்குவது வீட்டில் இருப்பவர்கள். இப்போது இருக்கிற எடை எந்தப் பிரிவில் வருகிறதோ அதிலேயே தூக்குங்கள்.